வீட்டு வளவிலேயே சில்லுக்குப் பெயின்ற் அடிப்பது எப்படி?

வன்னியில் ஒரு வாகனம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை அதன் சில்லே சொல்லிவிடும். ஒட்டுசுட்டான், அக்கராயன் பக்கத்துக் கிறவல் வீதிகளில் ஓடுவது என்றால் சிறுகல் பட்டு றிம் விளிம்பில் பெயின்ற் பொட்டுப்பொட்டாகப் பெயர்ந்திருக்கும். முல்லைத்தீவுக் கரையிலோ ஆனையிறவு, பூநகரிப் பக்கத்திலோ ஓடுவது என்றால் உப்புக்காற்றில் பெயின்றுக்கு அடியால் கறள் ஊர்ந்து கொப்புளம் போட்டிருக்கும். வயலுக்குள் இறங்கும் லாண்ட்மாஸ்ரரை, அந்த இரண்டு சில்லு உழவு மெசினைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்த வேலையைக் கராஜில் கொடுக்கலாம்தான். ஆனால் சாதாரண இரும்பு றிம், மோட்டார் சைக்கிளின் அலோய் சில்லு போன்றவற்றை வீட்டிலேயே அடித்துவிடலாம். கொம்பிறஷர் தேவையில்லை, கடையில் விற்கும் ஸ்பிறே ரின்னே போதும். நிறம் அடிக்க எடுக்கும் நேரம் கொஞ்சம்தான். அதற்கு முன் கழுவவும் தேய்க்கவும்தான் ஒரு பகல் போகும். அந்தப் பகலைச் சுருக்கினவர்களின் சில்லுத்தான் அடுத்த மாரிக்குள் உரிந்து தொங்கும்.

காலமும் இடமும்

ஐப்பசியிலிருந்து தை வரை, மாரி மழை நிற்கும் வரை, இந்த வேலையைத் தொடாதீர்கள். காற்றில் ஈரம் கூடினால் காய்கிற பெயின்றின் மேல் வெள்ளைப் புகார் படிந்ததுபோல் மங்கும், மினுக்கம் வராது. வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று எழும்பிவிட்டால் ஈரம் பிரச்சினையில்லை, புழுதிதான் பிரச்சினை. ஈரப் பெயின்றில் ஒட்டிய கிறவல் புழுதியைத் துடைத்து எடுக்க முடியாது, திரும்பத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் மாசி, பங்குனி மாதங்கள் நல்லது.

நாளில், பனி உலர்ந்த பிறகு, காலை எட்டிலிருந்து பத்தரை வரை தோதான நேரம். நடுப்பகல் வெயிலில் கிடந்த றிம்மைக் கையால் தொடவே முடியாது. அதில் அடித்தால் பெயின்ற் பரவுவதற்குள்ளேயே காய்ந்து, தடவினால் மணல் மாதிரிச் சொரசொரக்கும். ரின்களில் பெரும்பாலும் 10 முதல் 30 பாகை செல்சியஸ் வரை என்றுதான் எழுதியிருக்கும். எங்கள் மத்தியானம் அதைத் தாண்டியது.

இடம் நிழலாகவும் காற்றோட்டமாகவும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் திறந்த கொட்டில் நல்லது. மர நிழலை நம்ப வேண்டாம், அதிலும் வேம்பு பூத்து உதிரும் நேரம் அதன் கீழே வேண்டவே வேண்டாம். அடிப்பதற்கு முன் முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்குங்கள். கோழிகளை அடைத்து விடுங்கள். சமையல் அடுப்பு, நுளம்புத்திரி, சிகரெட் எல்லாம் எட்ட இருக்கட்டும். தின்னர் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தோடு ஊர்ந்துபோய் நெருப்பைப் பிடிக்கும்.

முதலில் சில்லைப் பாருங்கள்

பெயின்ற் அழகுக்கும் கறளைத் தடுக்கவும் மட்டும்தான், பழுதான றிம்மை அது நல்லதாக்காது. வெடிப்பு விழுந்த அலோய் சில்லுக்குப் பெயின்ற் அடிப்பது ஆபத்து, ஏனென்றால் வெடிப்பு மறைந்துவிடும். சில்லைக் கழுவிய பிறகு ஆரங்கள் நடுவோடு சேரும் இடத்தையும் விளிம்பையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மயிர்க்கோடு மாதிரி ஏதாவது தெரிந்தால் அந்தச் சில்லு வேண்டாம். இரும்பு றிம்மில் நட் ஓட்டைகள் நீண்டு முட்டை வடிவமாகியிருந்தாலோ, கறள் தின்று தகடு மெலிந்திருந்தாலோ அதையும் கழித்துவிடுங்கள். பள்ளத்தில் விழுந்து நெளிந்த றிம்மைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்திய கதைகள் ஊரில் நிறைய இருக்கின்றன. இரும்பு கொஞ்சம் இடம் கொடுக்கும், அலோய் கொடுக்காது.

வாங்க வேண்டியவை

ஹாட்வெயார் கடைக்குப் போய் "சில்லுக்கு அடிக்கிற பெயின்ற் தாங்கோ" என்று கேட்டால் கிடைக்கிறதைத் தருவார்கள். கேட்கிற விதம் வேறு: "அண்ணை, அலோய்க்கு அடிக்கிற பிறைமர் இருக்கோ? இரும்புக்கு இல்லை, அலுமினியத்துக்கு." இந்த வித்தியாசம் முக்கியம். இரும்பு றிம்முக்குச் சாதாரண கறள் தடுப்புப் பிறைமர், அதாவது நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, போதும். அலுமினியத்தில் அது சரியாகப் பிடிக்காது. உலோகத்தை இலேசாக அரித்துப் பிடிக்கிற எச் பிறைமர்தான் அதற்கு வேண்டும்.

கேற்றுக்கும் யன்னல் கம்பிக்கும் அடிக்கிற சிவப்பு அன்ரிகொரோசிவ் எல்லார் வீட்டிலும் அரை ரின் மிச்சம் கிடக்கும். அதைப் பிறசால் அடித்துவிட்டு மேலே ஸ்பிறே ரின் அடிக்கலாமே என்று தோன்றும். அது எண்ணெய்ப் பெயின்ற். அடிவரை காயாமல் மேலே வேறு தின்னர் உள்ள ஸ்பிறேயை அடித்தால் தோல் சுருங்கின மாதிரிச் சுருங்கி எழும்பும். பிறைமர், நிறம், அதன் மேல் அடிக்கும் நிறமற்ற கிளியர் மூன்றையும் ஒரே வகையில், முடிந்தால் ஒரே கொம்பனியில் எடுத்தால் இந்தத் தலையிடி இல்லை.

400 மில்லிலீற்றர் ரின் ஒன்று சாதாரணமாக இரண்டு மோட்டார் சைக்கிள் சில்லுக்குக் காணும். நாலு கார் றிம் என்றால் நிறத்தில் இரண்டு ரின், பிறைமரிலும் கிளியரிலும் ஒன்றோ இரண்டோ. பிறகு 120, 320, 600 இலக்கச் சான்ட்பேப்பர், வயர் பிறஸ், மாஸ்கிங் ரேப், தின்னர், பழைய பருத்திச் சாரத் துணி, கையுறை, கண்ணாடி, முகமூடி. துணி முகமூடி தூசியைக் கொஞ்சம் மறிக்கும், ஆவியை மறிக்காது. கரித்தகடு வைத்த முகமூடி கிடைத்தால் அதை எடுங்கள். ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவம் கலந்து அடிக்கிற பெயின்றை வீட்டில் அடிக்க வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேற் என்ற இரசாயனம் நுரையீரலைக் கெடுக்கும், அதற்கான பாதுகாப்பு கராஜிலேயே சில வேளை இருக்காது.

நிறத்தைப் பற்றி என் அபிப்பிராயம்: மினுக்கமில்லாத கறுப்பு பார்க்க எடுப்பு. ஆனால் கிறவல் வீதிக்காரருக்கு அது சரிவராது. ஒரு ஓட்டத்திலேயே சிவந்து போகும், மினுக்கமில்லாத பரப்பில் கிறீஸ் கறையும் இலகுவில் போகாது. வெள்ளியோ நடுத்தரச் சாம்பலோ அடித்து மேலே மினுக்கமான கிளியர் விட்டால் வாளித் தண்ணீரில் புழுதி வழிந்துவிடும்.

கழற்றுதல்

கார், வான் என்றால் சில்லு நிலத்தில் இருக்கும்போதே நட்களை ஒரு சுற்று இளக்கிவிட்டுப் பிறகு ஜக் போடுங்கள். எங்கள் மண் இளகல் மண். ஜக்குக்குக் கீழே தடித்த பலகை இல்லாவிட்டால் வாகனம் மெல்ல மெல்லச் சரியும். மற்றப் பக்கச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கழற்றிய பிறகு வாகனத்தை ஜக்கில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். உறுதியான தாங்கியோ தடித்த மரக்குற்றியோ கொடுங்கள். சீமெந்துக் கல் வேண்டாம், சொல்லாமல் நொறுங்கும். ஒவ்வொரு சில்லாகக் கழற்றி, ஸ்பெயார் சில்லைப் பூட்டிவிட்டு வேலை செய்வது எல்லாவற்றிலும் பாதுகாப்பு.

ஓட்டோக்காரர் இதைக் கவனமாக வாசியுங்கள். இரண்டு பாதியை நட் போட்டுச் சேர்த்த றிம் என்றால், காற்றை முழுவதும் இறக்காமல் அந்த நட்களைத் தொடக்கூடாது. வால்வு ஊசியைக் கழற்றி, சத்தம் முற்றாக நின்று, ரயர் கையால் அமத்த அமிழுகிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்பனரை எடுக்க வேண்டும். உள்ளே காற்று இருக்கும்போது கழற்றினால் றிம்மின் பாதி முகத்துக்கு வரும்.

மோட்டார் சைக்கிளுக்கும் ஸ்கூட்டிக்கும் புதிதாகச் செய்பவர்கள் சில்லைக் கழற்றாமலே அடிக்கலாம். நடு ஸ்ராண்டில் ஏற்றி, டிஸ்க்கையும் பிறேக் பாட் இருக்கும் இடத்தையும் பொலித்தீன் பையால் இறுகச் சுற்றி, செயினை உரப்பையால் மூடிவிடுங்கள். டிஸ்க்கில் பெயின்ற் பட்டால் தின்னரால் துடைக்கலாம், பாட்டில் ஊறினால் அதை மாற்றத்தான் வேண்டும்.

கழுவுதலும் தேய்த்தலும்

முதலில் காய்ந்த சேற்றைத் தண்ணீரில் ஊற விட்டுத் தும்புக்கட்டையால் உரசி எடுங்கள். உள்பக்கத்தில் தார் ஒட்டியிருந்தால், கிறீஸ் உறைந்திருந்தால் மண்ணெண்ணெய் தொட்டுத் துடையுங்கள். ஆனால் மண்ணெண்ணெயே ஒரு எண்ணெய்தான். அதைத் துடைத்ததும் பெயின்றுக்குப் போனால் மீன்கண் மாதிரி வட்டவட்டமாகப் பெயின்ற் விலகி நிற்கும். அதனால் மண்ணெண்ணெய்க்குப் பிறகு சவர்க்காரத் தண்ணீரால் இரண்டு தரம் கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றி, வெயிலில் உலர விடுங்கள். சுத்தமோ என்று அறிய ஒரு வழி உண்டு: கடைசித் தண்ணீர் றிம் முழுக்க ஒரே படலமாக வழிய வேண்டும். முத்துமுத்தாகத் திரண்டு நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது.

கழுவுகிற இடம் கிணற்றடியாக இருக்கக்கூடாது. மண்ணெண்ணெயும் தின்னரும் எங்கள் மணலில் கீழே இறங்கக் கனகாலம் எடுக்காது, குடிக்கிற தண்ணீர் அங்கேதான் இருக்கிறது.

இனிக் கறள். இலேசான மேல்கறள் என்றால் வயர் பிறசும் 120 சான்ட்பேப்பரும் போதும். கொப்புளம் போட்ட இடத்தில் பெயின்றை நகத்தால் கிளப்பிப் பாருங்கள். கீழே கறள் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். வெளியே ஒரு ரூபாய்க் குத்தியளவு தெரிவது உள்ளே உள்ளங்கையளவு இருக்கும். உறுதியாக ஒட்டியிருக்கும் பெயின்ற் வரும்வரை உரித்துக்கொண்டே போங்கள். பள்ளத்துக்குள் இறங்கிய கறளை முழுதாக எடுக்க முடியாவிட்டால், கறளைக் கறுப்பாக மாற்றி நிறுத்துகிற திரவம் கடையில் கிடைக்கும். அதைத் தடவி, அதன் ரின்னில் சொன்ன நேரம் விட்டுப் பிறகு தொடருங்கள். கிறைண்டரில் வயர் சில்லுப் பூட்டித் தேய்க்கிறவர்கள் கண்ணாடி இல்லாமல் நிற்கக்கூடாது, கம்பி தெறிக்கும். அலோய்க்கு அந்த வேலையே வேண்டாம், மென்மையான உலோகம், கோடு விழுந்துவிடும்.

பழைய பெயின்ற் முழுவதையும் உரிக்க வேண்டும் என்றில்லை. பிடித்துக்கொண்டிருக்கும் பெயின்ற் நல்ல அடித்தளம். பெயர்ந்த இடத்தின் விளிம்பைத்தான் 320 பேப்பரால் சரிவாகத் தேய்க்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் படி தட்டக்கூடாது. விரலில் தட்டுகிற படி, பெயின்ற் அடித்த பிறகு கண்ணிலும் தட்டும். மினுக்கமான பரப்பு முழுவதையும் தண்ணீர் தொட்டு 600 பேப்பரால் மங்க வையுங்கள். மினுக்கத்தின் மேல் அடித்த பெயின்ற் பிடிக்காது. குறோம் பூசிய கம்பிச் சில்லுக்கு இந்த முறை சரிவராது, அதை விட்டுவிடுங்கள்.

கடைசியாகத் தின்னர் நனைத்த துணியால் ஒருதரம் துடைத்து எடுங்கள். அதற்குப் பிறகு வெறுங்கையால் தொடக்கூடாது, கை எண்ணெயே போதும் பெயின்றைக் கெடுக்க.

மறைத்தல்

ரயரைக் கழற்றாமல் அடிக்கிறவர்கள் எல்லாரும் மினக்கெடும் இடம் ரயரும் றிம்மும் சேரும் வட்டம். அதில் ரேப்பை வளைத்து ஒட்டிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். இலகுவான வழி: பழைய கலியாண, சாமத்திய வீட்டு அழைப்பிதழ் அட்டைகள். நல்ல தடிப்பும் வழுவழுப்பும் உள்ளவை, எந்த வீட்டு அலுமாரியிலும் ஒரு கட்டு இருக்கும். காற்றைப் பாதிக்கு மேல் இறக்கி, ரயரை உள்பக்கமாக அமத்தி, அட்டையை றிம்முக்கும் ரயருக்கும் இடையில் விரலளவு செருகுங்கள். அடுத்த அட்டை முந்தியதன் மேல் கொஞ்சம் ஏறி நிற்கட்டும். சுற்றிவரச் செருகினால் ரயர் முழுக்க மறைந்துவிடும், றிம்மின் விளிம்பு வரை பெயின்ற் போகும்.

காற்று நிரப்பும் வால்வுக்கு ரேப் சுற்றுங்கள். கார் றிம்மில் ஒட்டியிருக்கும் சமன்செய்யும் ஈயத் துண்டுகளைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் ஸ்ரியரிங் நடுங்கும், பிறகு வீல் பலன்ஸ் செய்யப் போக வேண்டும்.

பெயின்ற் படவே கூடாத இடங்கள் இரண்டு. நட் வந்து உட்காரும் கூம்பு வடிவ ஓட்டை ஒன்று, றிம் ஹப்போடு, அதாவது சில்லைப் பூட்டும் நடுப்பகுதியோடு, ஒட்டி உட்காரும் பின்பக்கத் தட்டையான முகம் மற்றது. அங்கே தடிப்பாகப் பெயின்ற் இருந்தால் ஓட்டத்தில் சூடேறி அமிழும், அமிழ்ந்தால் இறுக்கிய நட் இளகும். ஓட்டைகளுக்குக் கடதாசியை உருட்டி அடைத்து, பின்முகத்துக்கு ரேப் ஒட்டுங்கள்.

அடித்தல்

சில்லை ஒரு வாளியின் மேலோ குற்றியின் மேலோ படுக்க வையுங்கள். நிற்க வைத்து அடித்தால் பெயின்ற் வழியும். ரின்னுக்குள் குண்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். பழைய காட்போட் மட்டையில் ஒருதரம் அடித்துப் பாருங்கள், துப்பினால் ரின்னின் மூக்கைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரட்டும்.

ரின்னுக்கும் றிம்முக்கும் இடையில் 20 முதல் 25 சென்ரிமீற்றர். கையை நிறுத்தாமல் ஓட்டுங்கள். றிம்முக்கு வெளியே அமத்தத் தொடங்கி, றிம்மைக் கடந்து, வெளியே போய் விடுங்கள். றிம்மின் மேலேயே அமத்தித் தொடங்கினால் அந்த இடத்தில் பெயின்ற் குவியும். முதலில் ஆரங்களின் பக்கவாட்டு, ஓட்டைகளின் உள்விளிம்பு போன்ற ஒளிந்த இடங்கள், பிறகு முன்முகம். முன்முகத்தை முதலில் அடித்துவிட்டால் மூலைகளுக்கு அடிக்கும்போது அது இரண்டு மடங்கு தடித்து வழியும்.

பிறைமர் இரண்டு மெல்லிய பூச்சு. முதல் பூச்சில் றிம் முழுதாக மறையக்கூடாது, கீழே உள்ளது மங்கலாகத் தெரிய வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அடுத்தது. நன்றாகக் காய்ந்ததும் 600 பேப்பரால் மெல்லத் தடவி, தூசியைத் துடைத்துவிட்டு நிறத்துக்குப் போங்கள். நிறம் மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் அதே பத்துப் பதினைந்து நிமிடம். பிறகு கிளியர் இரண்டு பூச்சு. நிறத்துக்கும் கிளியருக்கும் இடையில் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதை ரின்னில் எழுதியபடியே செய்யுங்கள், அதில் கொம்பனிக்குக் கொம்பனி வித்தியாசம் உண்டு. அவசரப்பட்டு ஒரே பூச்சில் தடிப்பாக அடித்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே பச்சையாக நிற்கும், அப்புறம் எத்தனை நாள் விட்டாலும் நகம் பதியும்.

வழிந்துவிட்டால் ஈரத்தில் துணி போட்டுத் துடைக்காதீர்கள். ஒரு நாள் முழுக்கக் காய விட்டு, வழிந்த கோட்டை மட்டும் 600 பேப்பரால் தண்ணீர் தொட்டு மட்டமாக்கி, அந்த இடத்துக்கு மேலால் மெல்லிய பூச்சு ஒன்று கொடுங்கள். பூச்சி ஒட்டினாலும் அப்படித்தான், காய்ந்த பிறகு எடுங்கள்.

காய்தலும் பூட்டுதலும்

ரேப்பையும் அட்டைகளையும் பெயின்ற் முழுதாக இறுக முன்னரே, கடைசிப் பூச்சுக்கு அரை மணித்தியாலத்துக்குப் பிறகு, மெல்ல இழுத்து எடுங்கள். இறுகின பிறகு இழுத்தால் விளிம்பில் பெயின்றும் சேர்ந்து கிளம்பும். தொட்டால் ஒட்டாத நிலை வந்த பிறகு இளவெயில் காட்டலாம், நல்லது. பூட்டுவதற்கு ஒரு முழு நாளாவது விடுங்கள். ரயரைக் கழற்றி அடித்தவர்கள் இரண்டு மூன்று நாள் விடுவது நல்லது, ரயர் கடை லீவர் பச்சைப் பெயின்றைச் சுரண்டிவிடும். கடைக்காரரிடம் "தம்பி, புதுசா அடிச்சது, விளிம்புக்கு ஒரு துணி குடுத்து ஏத்துங்கோ" என்று சொல்லிவையுங்கள்.

நட்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் றிம் சரிந்து உட்காரும். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு, அதாவது கிளிநொச்சியிலிருந்து ஒருதரம் வவுனியா போய்ச் சேர்ந்ததும், ஸ்பனரைப் போட்டுப் பாருங்கள். ஒரு வாரத்துக்குச் சேற்று வழியையும் பிறஷர் தண்ணீரையும் தவிர்த்தால் பெயின்ற் இறுகிவிடும். கரைப்பக்கத்தில் ஓடுகிறவர்கள் அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருதரமாவது நல்ல தண்ணீரால் றிம்மின் உள்பக்கத்தைக் கழுவுங்கள். உப்புத் தங்கி நிற்பது அங்கேதான்.

லாண்ட்மாஸ்ரருக்கும் ட்ரக்டருக்கும்

இதற்கு ஸ்பிறே ரின் வீண் செலவு. பெரிய பரப்பு, முரட்டு வேலை. கறளை வயர் பிறசால் தட்டி, கழுவி, அன்ரிகொரோசிவ் இரண்டு கை, அதன் மேல் எனாமல் இரண்டு கை, எல்லாம் பிறசால். இங்கே இரண்டும் எண்ணெய்ப் பெயின்ற் என்பதால் சுருங்காது, ஒவ்வொரு கைக்கும் இடையில் ஒரு நாள் விட்டால் சரி. சேறடிக்கிற இரும்புச் சில்லின் தகடுகள் மண்ணில் உரசுகிற இடத்தில் எந்தப் பெயின்றும் நிற்காது. அதற்கு மினக்கெடாமல் ஆரங்களுக்கும் ஒட்டு வைத்த மூட்டுகளுக்கும் நன்றாக அடியுங்கள், கறள் ஒளிந்திருந்து தின்னுவது மூட்டுகளில்தான். சிறுபோக விதைப்பு முடிந்து மெசின் சும்மா நிற்கும் நேரத்தில் செய்யலாம். வயலிலிருந்து ஏறினதும் பசளை பட்ட சேற்றைக் கழுவாமல் நிறுத்துகிறவர்களுக்கு எனாமலும் உதவாது.

மிச்ச ரின்

வேலை முடிந்ததும் ரின்னைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் காற்று வரும்வரை அமத்துங்கள், மூக்கு அடைபடாது. கல் பட்டுப் பெயர்ந்தால் தொட்டுவிட மிச்சத்தைப் பத்திரமாக வையுங்கள், ஆனால் தகரக் கூரைக்குக் கீழே வெக்கை படும் இடத்தில் வேண்டாம். தீர்ந்த ரின்னைக் குப்பையோடு போட்டுக் கொளுத்தவும் கூடாது, வெடிக்கும். வெடிச்சத்தம் கேட்டால் பதறுகிறவர்கள் எங்கள் அயலில் இன்னும் இருக்கிறார்கள். வெறும் ரின்களை ஒரு உரப்பையில் சேர்த்து வைத்து, பிரதேச சபைக் குப்பை வண்டி வரும்போது தனியாகக் கொடுத்துவிடுங்கள்.